தாமலில் தங்கிக் காஞ்சியைப் பார்த்தல்

காஞ்சிபுரத்தைப் பார்த்துவிட்டேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பது நான்கு கோயில்களையும் ஒரு பட்டுக்கடையையும்தான். விடியற்காலையில் சென்னையில் கார் ஏறி, ஒன்பது மணிக்குள் காமாட்சியைத் தரிசித்து, நடை சாத்துவதற்குள் ஏகாம்பரநாதரையும் வரதரையும் முடித்து, சாப்பாட்டுக்குப் பின் காந்தி ரோட்டில் புடவை எடுத்து, இருட்டும் நேரத்தில் பூந்தமல்லி நெரிசலில் வந்து சிக்கிக்கொண்டால் பயணம் நிறைவுறுகிறது. இடையில் கைலாசநாதர் கோயிலுக்கும் போனவர்கள் தம்மைக் கலாரசிகர்கள் என்று கருதிக்கொள்ளலாம். பக்திக்கும் புடவைக்கும் இம்முறை போதும். ஆனால் அந்த ஊருக்குச் சோறு எங்கிருந்து வந்தது, தண்ணீர் எந்த வழியாக வந்தது, சந்தைக்கு யார் யார் வந்தார்கள், படைகள் எத்திசையிலிருந்து வந்தன என்று கேட்கத் தொடங்கினால் நகரத்துக்குள் விடை கிடைக்காது. விடைகள் சுற்றியுள்ள கிராமங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே காஞ்சியைப் பார்க்க விரும்புகிறவர் காஞ்சியில் தங்கலாகாது என்பது என் கட்சி. மேற்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் தாமல் என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வாரம் தங்க வேண்டும்.

இந்த யோசனையை நான் ஆங்கிலேயர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாட்டுப்புறத்தில் விடுமுறையைக் கழிப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை உண்டு. பெரிய ஊரில் தங்காமல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டை வாரக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். அங்கிருந்து தினம் ஒரு திக்கில் புறப்படுவார்கள். ஒருநாள் சந்தை கூடும் பழைய ஊர், மறுநாள் வரப்புகளினூடே நடை, மழை பிடித்துக்கொண்டால் மாதாகோயிலும் புத்தகக்கடையும். காட்ஸ்வோல்ட்ஸ் வட்டாரத்தின் சிப்பிங் காம்ப்டன் என்னும் ஊரில் 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் இன்றும் நடுத்தெருவில் நிற்கிறது. சிப்பிங் என்ற அடைமொழிக்குப் பழைய ஆங்கிலத்தில் சந்தை என்று பொருள். நம் ‘பேட்டை’யைப் போல. வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று காஞ்சியைச் சுற்றி நம்மிடமும் சிப்பிங்குகளுக்குக் குறைவில்லை. அங்கே கம்பளி விற்ற பணத்தில் ஊருக்கு ஊர் பெரிய மாதாகோயில்கள் எழுந்தன. இங்கே துணியும் நெல்லும் எண்ணெயும் விற்ற பணத்தில் என்ன எழுந்தது என்பதைக் கோயில் சுவர்களின் கல்வெட்டுகளே சொல்லும்.

இங்கிலாந்தில் ‘ஏரி மாவட்டம்’ என்று ஒரு பகுதி உண்டு. கவிகளால் புகழ் பெற்றது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் அதே பெயர் பள்ளிப் பாடங்களில் வழங்கியது. கவிகள் மட்டும் அகப்படவில்லை. அவர்களுடைய ஏரிகள் பனிப்பாறை தோண்டிய இயற்கைப் பள்ளங்கள். நம்முடையவை மனிதன் கரை போட்டு, மதகு வைத்து, கலங்கல் கட்டி உண்டாக்கியவை. பெருமைப்பட்டுக்கொள்ள உரிமை யாருக்கு அதிகம் என்பதை வாசகரே முடிவு செய்யலாம். அவர்களுடைய குன்றுகளுக்கும் ஏரிகளுக்கும் ஆல்ஃபிரட் வெயின்ரைட் என்பவர் 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளில் தம் கையாலேயே எழுதி வரைந்து நடைவழிகாட்டி தந்தார். நம்மிடம் காவிரிக்குச் சிட்டியும் தி. ஜானகிராமனும் ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதினார்கள். கோயில்களுக்குத் தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ தந்தார். பாலாற்றுக்கும் அதன் ஏரிகளுக்கும் அப்படியொரு நூல் எழுத வருகிறவர் முதலில் தாமலில்தான் குடியேற வேண்டும்.

தாமலைச் சிறப்பிக்கப் பெரிய காரணங்களைத் தேட வேண்டாம். தாமோதரப் பெருமாள் கோயில் இருக்கிறது. வராகீஸ்வரர் கோயில் இருக்கிறது. தொண்டைமண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் தாமர்க் கோட்டமும் ஒன்று. அதன் பெயரை இவ்வூர் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஏரி இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளை வரிசைப்படுத்தும்போது தென்னேரி, உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர் ஆகிய பெயர்களோடு தாமலும் தவறாமல் வரும். மழைக்காலம் முடிந்த மறுமாதம் அதன் கரைமேல் நின்றால் ஒருபுறம் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், மறுபுறம் கரைக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் பசுமை. நீர்மட்டம் வயலைவிட உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்கு ஏரிப் பாசனத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

காஞ்சியின் ஆறான வேகவதியும் தாமல் பக்கத்தில்தான் தொடங்குகிறது. தலபுராணத்தில் இவள் கோபித்துக்கொண்ட சரசுவதி. பிரம்மனின் வேள்வியை அழிக்க வெள்ளமாகப் பாய்ந்து வந்தபோது திருமால் குறுக்கே அணையாகப் படுத்தார். திருவெஃகாவில் அவர் இன்னமும் படுத்தே இருக்கிறார். இக்கதையைக் கோயிலில் கேட்பது ஒரு வகை. தாமலிலிருந்து தண்ணீரோடு கிழக்கே இறங்கிச் சென்று, அது நகரத்துக்குள் நுழையும் இடத்தில் கேட்பது முற்றிலும் வேறு வகை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும் நீரைக் கண்டு அஞ்சிய ஓர் ஊரின் நினைவு அந்தப் புராணத்தின் அடியில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இன்றைய வேகவதி நகர எல்லைக்குள் சாக்கடையாகச் சுருங்கிவிட்டது. அதன் கரைகளில் வீடு கட்டிக் குடியிருந்தவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்ப வேண்டியதாயிற்று. திருமுக்கூடலருகே பாலாற்றோடு சேரும்வரை இந்தச் சிற்றாற்றைப் பின்தொடர்ந்தாலே ஒரு வாரத்தில் இரண்டு நாட்கள் போய்விடும். அவை வீணான நாட்களாக இரா.

தாமலிலிருந்து காஞ்சி நோக்கி வந்தால் பாலுச்செட்டி சத்திரம். அதையொட்டித் திருப்புட்குழி. நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. இராமன் சடாயுவுக்கு ஈமக்கடன் செய்த தலம் என்பது ஐதிகம். யாதவப் பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்டது இங்கே என்றும் சொல்வார்கள். குரு சொன்ன உரையைச் சீடன் ஏற்க மறுத்த ஊர் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது. வறுத்த பயறு முளைக்கும் என்ற நம்பிக்கையோடு பிள்ளைப்பேறு வேண்டிப் பெண்கள் மரகதவல்லித் தாயாரிடம் வருகிறார்கள். தர்க்கமும் நம்பிக்கையும் இப்படி ஒரே மதிலுக்குள் குடியிருப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல.

நான் நிறுத்திப் பேச விரும்புவது பாலுச்செட்டி சத்திரம் என்ற பெயரைப் பற்றி. வழிநடைக்காரர்கள் தங்கி உண்ண யாரோ ஒரு செட்டியார் அறம் செய்த இடம் ஊராகிவிட்டது. ஒரு வீட்டை இருப்பிடமாக்கிக்கொண்டு சுற்றுப்புறம் பார்ப்பது மேல்நாட்டு வழக்கம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கட்டும். யாத்திரை போகிறவனுக்குத் தங்க நிழலும் குடிக்க மோரும் கொடுத்த நாடு இது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். சத்திரங்களின் பந்தி எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை. யாருக்கு உள்ளே இலை, யாருக்குத் திண்ணை, யாருக்கு வாசலுக்கு அப்பால் என்பதெல்லாம் பிறப்பால் முடிவாகியிருந்தது. இன்றும் ஒரு கிராமத்தில் போய் இறங்குகிற அந்நியரிடம் முதலில் கேட்கப்படுவது “யார் வூட்டுக்கு வந்திருக்கீங்க?” என்பதுதான். அக்கேள்வி விருந்தோம்பலாகவும் இருக்கலாம், விசாரணையாகவும் இருக்கலாம். ஊர் வேறு, காலனி வேறு என்று பிரிந்திருக்கும் இடத்தில் தங்குகிறவர் இரண்டு பக்கமும் தேநீர் குடிக்கத் தயாராக இல்லையென்றால் காஞ்சியிலேயே குளிர்சாதன அறை எடுத்துக்கொள்ளலாம். தனியாக வரும் பெண்ணுக்குக் கிராமம் தரும் பார்வைகளைப் பற்றி நான் சொல்வதைவிட அவர்கள் எழுதுவதே பொருந்தும்.

மேற்கே போகும் நாள் வாலாஜாபேட்டைக்கு உரியது. தாமலிலிருந்து ஓச்சேரி, பெரும்புலிப்பாக்கம், காவேரிப்பாக்கம் வழியாக நெடுஞ்சாலை நேராக அங்கே கொண்டுபோய் விடும். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊர் ஒரு காலத்தில் கடற்கரைக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் இடையே நடந்த வாணிபத்தின் பெருஞ்சந்தை. 1866-லேயே நகராட்சி ஆனது என்பதிலிருந்து அதன் செல்வாக்கை ஊகிக்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடமும் இதுதான். சரியாகச் சொன்னால் ஊருக்கு வெளியே இருக்கும் வாலாஜா ரோடு நிலையம். எந்த வாணிபத்தை நம்பி ரயிலை இங்கே கொண்டுவந்தார்களோ அந்த வாணிபத்தை ரயிலே தின்றுவிட்டது. இருப்புப்பாதை மேற்கே நீண்டதும் சரக்குகள் இங்கே இறங்கி மாறவேண்டிய தேவை அற்றுப்போயிற்று. பொதிமாடுகளும் தரகர்களும் கிடங்குகளும் ஒரு தலைமுறையில் தேய்ந்தன. சந்தை ஊர் ஒன்று எப்படிச் சாகிறது, செத்த பிறகும் எப்படி நடமாடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அகலமான பழைய தெருக்களில் நடக்கும்போது இவ்வளவு அகலம் எதற்காக என்ற கேள்வி எழும். வண்டிகளுக்காக.

அப்படியே பாலாற்றைக் கடந்தால் ஆர்க்காடு. 1751-இல் கிளைவ் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பதில் தில்லி வாசல் ஒன்றே கண்ணில் நிற்கும். மக்கன் பேடா சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். ராணிப்பேட்டையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. தோல் பதனிடும் தொழில் அந்த மண்ணையும் நீரையும் என்ன செய்தது என்பது 1996-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போன கதை. ஆனால் அந்தப் பக்கம் போகிறவர் பாலாற்றின் குறுக்கே வாலாஜா அருகே கட்டியிருக்கும் அணைக்கட்டைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டுமானம். இங்கிருந்து பிரியும் கால்வாய்களின் பெயர்களைக் கேளுங்கள்: மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி. பல்லவர் காலத்து ஏரிகளுக்கு வெள்ளைக்காரப் பொறியாளர்கள் புதிய தலைமடை கட்டித் தந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். அவர்களால் ஏரிகளைப் புதிதாகச் சிந்திக்க முடியவில்லை, தேவையும் இருக்கவில்லை. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள்.

மகேந்திரவாடிக்கு ஒரு முழுநாள் ஒதுக்கலாம். வயல்வெளி நடுவே தனியாகக் கிடந்த ஒரு பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் விண்ணகரம் ஒன்று அமைத்தான். மகேந்திரபுரத்தில் மகேந்திர தடாகத்தின் கரையில் மகேந்திர விஷ்ணுகிருகம் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்துக்கொண்டதைத் தற்பெருமை என்று எண்ணத் தோன்றும். ஆனால் மூன்றும் ஒரே திட்டம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அரசாணையும் சொல்லியிருக்க முடியாது. கோயிலை மட்டும் பார்த்துவிட்டு ஏரியைப் பார்க்காமல் வருகிறவர் கடிதத்தின் உறையைப் படித்துவிட்டு வருகிறவர்.

தெற்கே, காஞ்சி வழியாகப் பாலாற்றைத் தாண்டினால் மாமண்டூர்க் குடைவரைகளும் சித்திரமேக தடாகம் என்று பழம்பெயர் கொண்ட ஏரியும் இதே பாடத்தை மறுபடி சொல்லும். பக்கத்தில் குரங்கணில்முட்டம், குரங்கும் அணிலும் காக்கையும் வழிபட்டதாகச் சொல்லும் பாடல் பெற்ற தலம், அதை ஒட்டியே பல்லவர் குடைவரை. இங்கே ஒரு நிர்வாக வேடிக்கையைக் குறிப்பிட வேண்டும். தாமல் காஞ்சிபுரம் மாவட்டம். காவேரிப்பாக்கமும் மகேந்திரவாடியும் 2019-இல் உருவான ராணிப்பேட்டை மாவட்டம். மாமண்டூரும் குரங்கணில்முட்டமும் திருவண்ணாமலை மாவட்டம். சுற்றுலாக் கையேடுகள் மாவட்டவாரியாக அச்சிடப்படுவதால், காஞ்சியின் புழக்கடையில் இருக்கும் மாமண்டூர் அருணாசலேசுவரரோடு ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது. பாலாறு இந்தக் கோடுகளை அறியாது.

வடக்கே திருமால்பூர், கோவிந்தவாடி அகரம், தக்கோலம். தக்கோலத்தில் 949-இல் யானைமேல் இருந்தபடியே இராசாதித்தன் இறந்தான். சோழர்களின் எழுச்சி ஒரு தலைமுறைக்குத் தடைப்பட்டது. ஆனால் என்னைக் கேட்டால் புள்ளலூர்தான் அதிகம் பேசும். வயல்கள் சூழ்ந்த சாதாரணச் சிற்றூர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் தன் பகைவர்களை இங்கே வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. இரண்டாம் புலிகேசியோ பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்ததாகத் தன் ஐஹொளே கல்வெட்டில் எழுதுவித்துக்கொண்டான். இருவருமே வென்றிருக்கிறார்கள், நெல் விளைந்த நிலம் மட்டும் தோற்றிருக்கும். மீண்டும் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி இதே இடத்தில் ஐதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். பெரும்படையோடு காஞ்சியில் இருந்த மன்றோ நேரத்துக்கு உதவிக்கு வந்து சேரவில்லை. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இந்தப் போரைப் பெரிய ஓவியமாக வரையச் செய்தான். அங்கே போய் அந்த ஓவியத்தைப் புகைப்படம் எடுக்கும் சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு அந்த வயல் தம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருப்பது தெரியும்? 1781-இல் மறுபடி நடந்த போரில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் நினைவுத்தூண்கள் நிற்கின்றன. இறந்த சிப்பாய்களுக்கு இல்லை.

இப்படி நான்கு புறமும் சுற்றிவிட்டுக் கடைசியாகக் காஞ்சிக்குள் நுழைய வேண்டும். அப்போது நகரம் வேறாகத் தெரியும். சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடுகள் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அதில் கச்சிப்பேட்டில் எடையிட்டும் அளந்தும் விற்கும் சரக்குகளின்மேல் வாங்கிய கோல்நிறைகூலி, கால்அளவுகூலி என்னும் கட்டணங்கள் ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு உரியவையாகச் சொல்லப்படுகின்றன. அக்கோயிலின் நிர்வாகத்தைக் கவனிக்கும் பொறுப்பு நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளர்களிடம் தரப்பட்டிருக்கிறது. சந்தை, கோயில், தறி மூன்றும் ஒரே கணக்கேட்டில் இருந்த ஊர் இது. இன்று புடவைக்கடைப் படிக்கட்டில் ஏறுகிறவருக்குத் தறி கண்ணில் படுவதில்லை. கண்ணாடி அலமாரிதான் படுகிறது. பிள்ளையார்பாளையத்தின் சந்துகளில் காலையில் நடந்தால் குழித்தறியின் சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வரும். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி தெளிப்பதை வெயில் ஏறுமுன் பார்க்கலாம். கோர்வைக்கரை நெய்ய இரண்டாவது ஆள் வேண்டும். முன்பு வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், இப்போது அவர்கள் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைப் பேருந்து ஏறுகிறார்கள். அதில் வருத்தப்பட நமக்கு உரிமையில்லை. நெய்தவனுக்குக் கிடைக்கும் கூலிக்கும் கடையில் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள தூரத்தை அறிந்த பிறகு பேரம் பேசும் குரல் கொஞ்சம் தணிந்தால் அதுவே பயணத்தின் பயன்.

ஆங்கிலேயர் முறையில் நான் பொறாமைப்படுவது அவர்களுடைய கல்வீடுகளைக் கண்டல்ல, நடைபாதைகளைக் கண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் வயல்களினூடாகவும் பொதுமக்கள் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள பாதைகளின் நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் நிலப்படத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. பிரபுக்கள் இதை மனமுவந்து தரவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டில் தடையை மீறி நடந்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நாட்டுப்புறத்தில் நுழையும் உரிமைக்கும் சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நடைக்காகச் சிறை சென்றவர்களை நாம் விளங்கிக்கொள்வது கடினம். ஆனால் நம் கிராம வரைபடங்களிலும் வண்டிப்பாதை என்று புறம்போக்காகக் குறிக்கப்பட்ட பொதுவழிகள் இருக்கின்றன. ஏரிக்கரையும் வரத்துக்காலும் பொதுச்சொத்துதான். நடக்க ஆளில்லாததால் அவை வரப்போடு வரப்பாகக் கரைந்துகொண்டிருக்கின்றன. கால் படாத பாதை முதலில் முள்ளாகிறது, பிறகு பட்டாவாகிறது.

இதை வெறும் பயண ருசி என்று ஒதுக்கிவிட முடியாத காரணம் ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. பதின்மூன்று கிராமங்கள், ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல். ஏகனாபுரத்து மக்கள் உடனே போராட்டத்தில் இறங்கினார்கள். கிராமசபைகளில் தொடர்ந்து தீர்மானம் போட்டார்கள். 2025-இல் ஒன்றிய அரசின் கொள்கையளவிலான ஒப்புதலும் வந்தது. பல ஏரிகளுக்கு நீர் கொண்டுசென்று ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் முடியும் கம்பன் கால்வாய் அந்த இடத்தின் ஊடாகச் செல்கிறது. விமான நிலையம் வேண்டுமா என்பதில் என் நண்பர்களிடையே இரு கருத்துகள் உண்டு. நகரத்தின் நெருக்கடியும் பொய்யல்ல. என்னை உறுத்தியது வேறு. காஞ்சிக்கு நூறு முறை போனவர்கள்கூடப் பரந்தூர் எங்கே இருக்கிறது என்று அறிவிப்புக்குப் பிறகுதான் தேடினார்கள். மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயிலை நகர்த்துவதாகச் சொல்லியிருந்தால் ஊரே கொதித்திருக்கும். அதே பல்லவர் மரபில் வந்த ஏரித்தொடர் ஒன்று அறுபடும் என்றபோது, அது ஒரு கட்டடமாக இல்லாததால், படித்த தமிழர்களுக்கு அது பாரம்பரியமாகவே படவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை முறையை மேடைதோறும் பேசுகிறோம். அந்தக் குடவோலையால் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரிவாரியம் என்பதைச் சேர்த்துச் சொல்லும் பேச்சாளர்கள் குறைவு.

ஒரு மறுப்பையும் எதிர்பார்க்கிறேன். நீங்கள் இப்படி எழுதினால் தாமல் ஏரிக்கரையில் நாளைக்கே ஒரு ரிசார்ட் வரும், மாட்டுவண்டிச் சவாரியும் பொய்க் கூரைவீடும் வரும் என்று சொல்வார்கள். நியாயமான பயம். இங்கிலாந்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. பைபரி என்ற கிராமத்தில் 1380-இல் கம்பளிக் கிடங்காகக் கட்டி, பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றிய வரிசை வீடுகள் உலகெங்கும் நாள்காட்டிகளில் அச்சாகின்றன. வீடுகள் அப்படியே இருக்கின்றன. நெசவு போய்ப் பல காலமாயிற்று. கிராமத்தின் தோற்றத்தைக் காப்பாற்றித் தொழிலை இழப்பது ஒரு வகைத் தோல்வி. தொழில் இருக்கும்போதே சுற்றிலும் இருக்கும் நீரையும் நிலத்தையும் இழப்பது நம்முடைய வகை. ஆகையால் எனக்கு ரிசார்ட் வேண்டாம். கிராமத்திலேயே பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் சுத்தமான கழிப்பறையோடு ஒரு அறை, ஊர்க்காரர் ஒருவர் வீட்டுச் சாப்பாடு, வாடகைக்கு ஒரு மிதிவண்டி, ஒரு நல்ல நிலப்படம். வாடகைப் பணம் அந்தத் தெருவிலேயே தங்க வேண்டும். நில அளவைத் துறையின் வரைபடங்களுக்கு இருந்த கெடுபிடிகள் 2021-இல் பெரிதும் தளர்ந்துவிட்டன. அவற்றின்மேல் மதகையும் கலங்கலையும் வண்டிப்பாதையையும் குறித்து ஒரு படம் வரைந்து வெளியிட ஓர் இலக்கிய வட்டமே போதும். அரசாங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அதுவரைக்கும் போக விரும்புகிறவர்கள் தாமலிலோ சுற்றூர்களிலோ உள்ள நண்பர் வீட்டைத்தான் நம்ப வேண்டும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகளில் நீர் இருக்கும், வெயில் கடுமையாக இராது. சித்திரையில் போனால் வறண்ட ஏரிப்படுகையில் மாடு மேய்வதையும் வண்டல் அள்ளுவதையும் பார்க்கலாம்; அதுவும் பார்க்கத்தக்கதே, ஆனால் குடை வேண்டும். காஞ்சிக்கும் வேலூருக்கும் இடையே ஓடும் பேருந்துகள் மேற்குப் பயணத்துக்குப் போதும். வடக்கே போகத்தான் சிறிய பேருந்துகளின் நேரத்தை முதல்நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பேருந்தைப் பற்றித் தேநீர்க்கடையில் இரண்டு பேரிடம் கேளுங்கள். இரண்டு விடைகள் வந்தால் முந்திய நேரத்தை நம்புங்கள். ஊரில் மதகு திறந்து மூடும் நீர்க்கட்டி யார் என்று விசாரித்து ஒரு மாலை அவரோடு கரையைச் சுற்றி வாருங்கள். அவருக்குத் தெரிந்தது எந்தக் கையேட்டிலும் இல்லை. வியாழக்கிழமைகளில் மட்டும் கோவிந்தவாடிப் பக்கம் போக வேண்டாம். குருபகவானைப் பார்க்க வரும் கூட்டத்தில் சாலையே தெரியாது. அன்றைக்கு மிதிவண்டியைச் சாத்திவிட்டு ஏரிக்கரையிலேயே இருந்துகொள்ளலாம்.